கலர் ரூமில் மஞ்சள் உடுத்தக் கூடாது

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சும் பழக்கம் எனக்கு இல்லை. பொய் சொல்லிக் காப்பாற்றிக்கொள்ள இனி என்னிடம் எதுவும் மிச்சமும் இல்லை. வேலை போய்விட்டது. பெயர் கெட்டுவிட்டது. எப்படிக் கெட்டது என்பதுதான் விஷயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றதும் நடுச்சாமம், நாய் ஊளை, தனிவழி என்று எதிர்பார்த்து வந்திருந்தால் ஏமாந்து போவீர்கள். எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. அடுத்த அறையில் டீ ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது. ஆனால் நான் உட்கார்ந்திருந்த அறைக்குள் விடியவே விடியாது. அங்கே செய்கிற வேலை அப்படி.

படக்கதைகளுக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்டுவது என் தொழில். ஓவியர் கறுப்புக் கோட்டில் வரைந்து அனுப்பிவிடுவார். முகம், சட்டை, வானம், சுவர் என்று ஒவ்வொன்றையும் பிரித்து நான் நிறம் ஊற்ற வேண்டும். கோட்டில் மயிரிழை அளவுக்கு இடைவெளி இருந்தால்கூடப் போச்சு. முகத்துக்கு ஊற்றிய நிறம் வானம் முழுக்க வழிந்து நிற்கும். இடைவெளியைத் தேடி அடைக்க வேண்டும். அப்புறம் நிழல். அப்புறம் வெளிச்சம். படிக்கிறவர்கள் ஓவியரைப் புகழ்வார்கள். நல்லது, புகழட்டும்.

அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேலை கிடைத்த அன்று அப்பா கைவிரல்களை டர்பன்டைனில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நானும் கலர் அடிக்கிறேன். நீயும் கலர் அடிக்கப் போற. நடுவுல எதுக்கும்மா அத்தனை வருசம் காலேஜு?"

"உங்களுக்கு ஏணி. எனக்கு நாற்காலி. அதுக்குத்தான்ப்பா."

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, சும்மா கேட்பது போல, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "எந்தச் சுவத்துலயும் பெயின்டர் பேரைப் போட மாட்டான். புத்தகத்துல போடுவாங்கல்ல?"

"போடுவாங்கப்பா. முதல் பக்கத்துல. 'வண்ணம்'னு போட்டு, பக்கத்துல பேரு."

அவர் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டார், மாமாவிடம் சொல்லிவிட்டார், கூட வேலை செய்யும் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். எனக்கு அந்த ஒரு வரி வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அதற்காகத்தான் அந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் 'குடும்பம்'. வாயைத் திறந்தால், "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்பார். சம்பளம் தள்ளிப்போனால் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் குடும்பம்.

"சொத்துல பங்கு கேட்டுப் பாரு. அப்போ தெரியும் எந்தக் குடும்பம்னு" என்பார் பலூன் அக்கா. படத்தில் பேசுகிறவர்களின் வாய்க்குப் பக்கத்தில் வட்டம் போட்டு வசனத்தை நிரப்புவது அக்காவின் வேலை. அதனால் அந்தப் பெயர். புத்தகத்தில் எழுத்து என்று எங்கே வந்தாலும் அது அக்கா அடித்தது.

எனக்குக் கொடுத்த புத்தகம் பாதி முடிந்திருந்தது.

"முன்னாடி இருந்த பொண்ணு பாதியில நின்னுட்டா" என்றார் குடும்பம். "பொறுப்பில்லாத பொண்ணு. நீ மீதியை முடி. முதல் பக்கத்துல உன் பேரு. இது என் வாக்கு."

பக்கத்து மேஜையில் அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை.

கலர் ரூம், ஒரு காலத்தில் சாமான் போட்டு வைத்த அறை. சுவர் நாலும் சாம்பல் நிறம். ஜன்னலில் கறுப்பு அட்டை. விளக்கு உண்டு, போடக் கூடாது. கதவைச் சாத்திவிட்டால் திரையின் வெளிச்சம் மட்டும்தான். திரையின் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சாம்பல் அட்டை ஒட்டியிருந்தது. அறைக்குள் வேறு நிற வெளிச்சம் கலந்தால் அந்த அட்டை காட்டிக்கொடுக்கும். அது சுத்தமான சாம்பலாகத் தெரிகிற வரைக்கும் நம் கண்ணை நாம் நம்பலாம்.

அக்கா வாசலிலேயே நின்று பாடம் நடத்தினார். "கறுப்புத் துணி, இல்லைன்னா சாம்பல். வேற கலர் போட்டுட்டு உள்ள போகாத. திரை வெளிச்சம் சட்டையில பட்டு, திரும்பித் திரை மேலயே விழும். மஞ்சள் போட்டா படம் மஞ்சள் அடிக்கும். நீ மஞ்சளைக் குறைக்கிறேன்னு குறைச்சுக்கிட்டே போவ. அச்சுல பார்த்தா முகமெல்லாம் நீலமா நிக்கும்."

"தெரியும்கா. எல்லாத்தையும் சாம்பல்லயே வாங்கிட்டேன். வீட்ல எலின்னு கூப்பிடுறாங்க."

அக்கா சிரித்தார். ஆனால் நிலைப்படியைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை.

முதல் நாளே முந்தையவள் முடித்து வைத்த பக்கங்களைத் திறந்து பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அருமையான கை. மழைக்குள் நிற்கிற ஒரு தெருவை வெறும் சாம்பலும் ஊதாவுமாகத் தீட்டியிருந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் அவளுடைய கடைசிப் பத்துப் பக்கம் மட்டும் வேறு மாதிரி. முகமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. கை, கழுத்து, குழந்தையின் கன்னம்கூட.

எனக்கு ஒரே குஷி. உள்ளிருந்தே கத்தினேன். "அக்கா, இந்தம்மா கடைசியில மஞ்சள் டிரஸ் போட்டுட்டு உக்காந்து அடிச்சிருக்காங்க. தொழில் தெரியாத ஆளு!"

வெளியே கீபோர்டு சத்தம் நின்றது.



அந்தப் பத்துப் பக்கத்தையும் அன்றைக்கே திருத்தினேன். நீலத்தை எடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு நிமிர்ந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

டக்.

பேனா சத்தம். திரைக்கு முன்னால் உள்ள பலகையில் நாங்கள் எழுதும் பிளாஸ்டிக் பேனா. என் பேனா என் கையில், காற்றில் இருந்தது. நான் நிறுத்திய பிறகு ஒரு கோடு அதிகமாகக் கேட்டது. அவ்வளவுதான். காது செய்த கோளாறு என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் நாற்காலி தாழ்ந்திருந்தது. நான் உயரம். அடியில் இருக்கும் பிடியை இழுத்து என் உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் வந்து உட்கார்ந்தால் மேஜை நெஞ்சு உயரத்துக்கு வந்தது; நாற்காலி ஒரு சாண் இறங்கியிருந்தது. ஏற்றினேன். அதற்கு அடுத்த நாளும் இறங்கியிருந்தது. குள்ளமான யாரோ உட்கார்ந்துவிட்டுப் போனது போல.

"அக்கா, யாராவது என் சீட்ல உக்கார்றாங்களா?"

"யாரு உக்காரப் போறா?"

"நீங்க?"

"நான் அந்த ரூமுக்குள்ள போறதில்லை."

"ஏன்?"

"இருட்டு ஆகாது." டீ கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம்தான் திரையில் மஞ்சள் ஏற ஆரம்பித்தது. கொஞ்சமாக. ரொம்பக் கொஞ்சமாக. ஒரு சொட்டு டீயைப் பாலில் விட்டது போல. முகத்துக்கு நிறம் ஊற்றினால் கொஞ்சம் பழுத்துத் தெரிந்தது. திரையைச் சோதித்தேன். சரியாக இருந்தது. நிறத்தின் அளவு எண்களைப் பார்த்தேன். சரியாக இருந்தன. கண் களைத்துவிட்டது என்று நினைத்து, மஞ்சளைத் துளி குறைத்துக்கொண்டேன். முகம் சரியானது.

அடுத்த நாள் இன்னும் துளி. குறைத்தேன்.

அதற்கடுத்த நாளும்.

இங்கேதான் நான் முட்டாள் ஆனேன். எண்ணைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். திரைக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்த சாம்பல் அட்டையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முதல் வாரமே ஓடியிருப்பேன்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். மறுநாள் காலை புத்தகம் அச்சகத்துக்குப் போக வேண்டும். குடும்பம் காலையிலேயே வந்து தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அக்காவிடம் என் பெயரைச் சொல்லி, எழுத்துப்பிழை இல்லாமல் அடிக்கச் சொன்னார். நான் என் காதால் கேட்டேன். உடனே அப்பாவுக்குப் போன் செய்தேன். "கடைக்கு வந்ததும் பத்து வாங்கிடுறேன்" என்றார். போனுக்குப் பின்னால் சுவரில் பட்டி தேய்க்கும் சத்தம் சர் சர்ரென்று கேட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானம் மூன்று மணி பத்து நிமிடம். நேரம் ஏன் நினைவிருக்கிறது என்றால், வெளியே அக்கா, "டீ வந்திருக்கு, வாடி" என்று கூப்பிட்டார். "இதை முடிச்சுட்டு வரேன்கா" என்றேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு படம். கதாநாயகி ஒரு சுரங்கத்துக்குள் தனியாக நிற்கிறாள். முகம் மட்டும் தெரியும். சுற்றிலும் இருட்டு. முதலில் இருட்டை ஊற்றினேன். திரை முழுக்கக் கறுப்பானது.

கறுப்பான திரை கண்ணாடி மாதிரி. அதில் என் முகம் தெரிந்தது. என் சாம்பல் சட்டை தெரிந்தது.

என் தோளுக்கு மேலே இன்னொரு நிறம் தெரிந்தது.

மஞ்சள்.

உருவம் இல்லை. முகம் இல்லை. துணி. மடிப்பு விழுந்த, புதுத் துணி.

கண்ணை எடுத்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சாம்பல் அட்டையைப் பார்த்தேன்.

அது சாம்பலாக இல்லை.

எலுமிச்சைப் பழம் மாதிரி இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. கோளாறு படத்தில் இல்லை. திரையில் இல்லை. என் கண்ணில் இல்லை. இத்தனை நாளும் யாரோ என் முதுகுக்குப் பின்னால்... மஞ்சள் உடுத்தி... ஒவ்வொரு நாளும் ஓர் அடி நெருங்கி...

டக்.

என் பேனா பலகையில் கிடந்தது. நான் தொடவில்லை.

டக்... சர்ர்... டக்.

சத்தம் காதுக்குப் பக்கத்தில்.

என் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் மஞ்சள் படிந்திருந்தது.

எழுந்தேன்.

திரும்பவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தேன். கதவின் பிடி கையில் பட்டது. திறந்தேன்.

பின்னால் ஒரு சத்தம்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

நாற்காலி இறங்கும் சத்தம்.

யாரோ உட்கார்ந்தால்தான் அது இறங்கும்.

நான் செருப்பைக்கூடப் போடவில்லை.

இரண்டு நாள் காய்ச்சல். யாரிடம் சொல்ல? அம்மாவிடம் மழையில் நனைந்தேன் என்றேன். மூன்றாம் நாள் குடும்பம் போன் செய்தார். அவர் குரலில் குடும்பம் இல்லை.

"உடனே வா."

அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாள்களை வெளி அறை மேஜை மேல் பரப்பி வைத்திருந்தார். வெள்ளை டியூப் லைட். நான் தீட்டிய பக்கங்கள். கதாநாயகி, போலீஸ்காரர், கடைக்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்... அத்தனை முகமும் நீலம். பக்கம் தள்ளத் தள்ள நீலம் ஏறிக்கொண்டே போனது.

"இது படக்கதையா, பிணவறையா?" என்றார். "காலேஜ்ல இதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்களா? எந்தக் கலர்ல டிரஸ் போட்டுட்டு உக்காந்த?"

"சாம்பல் சார். தினமும் சாம்பல்தான். அக்காவைக் கேளுங்க."

அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"சார், கடைசிப் பக்கத்தை நான் முடிக்கவே இல்லை. கறுப்பு மட்டும் ஊத்திட்டு எழுந்து போயிட்டேன்."

"அப்போ இதை என் பாட்டனா வந்து முடிச்சான்?"

ஒரு தாளை என் பக்கம் வீசினார். கடைசிப் பக்கம். முடிந்திருந்தது. நிழல், வெளிச்சம், கண்ணில் தேங்கிய ஒரு புள்ளி ஈரம் வரைக்கும். எனக்கு அந்தக் கை தெரியும். மழைத் தெருவைத் தீட்டிய கை. ஆனால் முகம்... மற்ற எல்லாப் பக்கத்தையும்விட நீலம். மையைக் கொட்டியது போல நீலம்.

"வீட்டுக்குப் போ. நாளையிலேர்ந்து வராத" என்றார். அவ்வளவுதான் குடும்பம்.

மாடிப்படியில் அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

"அவ நின்னுட்டான்னு சொன்னாருல்ல? நிக்கலைடி. செத்துப்போயிட்டா."

"எப்படிக்கா?"

"இதுக்கு முந்தின புத்தகம் முழுக்க அவதான் அடிச்சா. அவளோட முதல் புத்தகம். இங்கயே கேக் வெட்டி வெளியிடுற அன்னிக்கு, விசேஷமாச்சேன்னு புதுசா மஞ்சள் டிரஸ் வாங்கிப் போட்டுட்டு வந்தா. பளிச்சுன்னு இருந்தா. புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தா. 'வண்ணம்'னு போட்டு குடும்பத்தோட பையன் பேரு."

"அவ பேரு?"

"அடிச்சு வெச்சிருந்தேன். முந்தின நாள் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அப்படிப் பார்க்காத. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

அக்காவே தொடர்ந்தார்.

"ஒரு வார்த்தை பேசலை. கையில வாங்கின கேக்கை அப்படியே வெச்சுட்டு, கலர் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டா. அந்த டிரஸ்ஸோடயே. சாயங்காலம் வரைக்கும் பேனா சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கோவத்துல வேலை பார்க்கிறா, விடுங்கன்னு விட்டுட்டோம். குடும்பம் மட்டும் கிளம்பும்போது உள்ள போனார். இருட்டுலயே அவ தோளுக்கு மேல கையை நீட்டி, முடிஞ்ச பக்கத்தை எல்லாம் பென் டிரைவ்ல ஏத்திக்கிட்டார். 'நல்ல வேலைம்மா'ன்னு சொல்லிட்டு வந்தார். அவ ஹாஸ்டல்ல இருந்தா. ராத்திரி வரலையேன்னு தேட ஆளில்லை. மறுநாள் காலையில நான்தான் உள்ள போய் லைட்டைப் போட்டேன்..."

அக்கா மூச்சு வாங்கினார்.

"நெஞ்சு நின்னுபோச்சாம். டாக்டர் நேரம் சொன்னார். முந்தின நாள் மத்தியானமேயாம். அவ உள்ள போய்க் கொஞ்ச நேரத்துலயே."

"அக்கா... சாயங்காலம் வரைக்கும் சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னீங்க."

"கேட்டுச்சுடி."

"அந்தப் பத்துப் பக்கம்?"

அக்கா என் கையை விட்டார். படியேறிப் போய்விட்டார்.

நீலம் பாய்ந்த பத்துப் பக்கம். தொழில் தெரியாத ஆள் என்று நான் உரக்கச் சொன்ன பக்கங்கள்.

என் பக்கங்களில் நீலம் ஏறியது அவள் பின்னால் நின்றதால். கடைசிப் பக்கம் அப்படி நீலமானது, அவள் பின்னால் நிற்காததால். அப்போது அவள் நாற்காலியில் இருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

புத்தகம் வெளிவந்துவிட்டது. திருத்தி அச்சடிக்கச் செலவாகும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். படித்தவர்கள் காறித் துப்பினார்கள். யார் இந்த வண்ணம் தீட்டிய மேதை என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். துப்புவதற்கு ஒரு முகம் வேண்டுமே. அதனால் இந்த முறை குடும்பம் வாக்குத் தவறவில்லை. முதல் பக்கத்தில், ஓவியரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில்...

வண்ணம் என்று போட்டு, என் பெயர்.

அப்பா சொன்னபடியே பத்து வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் பழைய குண்டு பல்பு. மஞ்சள் வெளிச்சம். அதன் அடியில் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்த்தார்.

"நல்லாத்தானேம்மா இருக்கு? முகமெல்லாம் உயிரோட இருக்கிற மாதிரி இருக்கு. எவன் குறை சொன்னான்?"

மஞ்சள் வெளிச்சத்தில் அவை சரியாகத்தான் தெரிந்தன. அப்பா என் பெயர் மேல் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகத் தடவினார். அந்தப் புத்தகத்தில் பாதி அவள் தீட்டியது. மழைத் தெரு அவளுடையது. கடைசிப் பக்கம் அவளுடையது. அவள் பெயர் இந்த முறையும் இல்லை. இந்த முறை அந்த இடத்தில் இருப்பது நான்.

போன வாரம் அக்காவுக்குப் போன் செய்தேன். கலர் ரூம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அமைதியா இருக்குடி. புதுசா ஒரு ஆள் வந்திருக்கு. நாற்காலி இறங்குறதில்லையாம். சத்தம் எதுவும் இல்லையாம்." குரலைத் தாழ்த்தினார். "நீ கிளம்பின அன்னையிலேர்ந்து அங்க எதுவுமே இல்லை."

இப்போது வீட்டிலிருந்தே சின்னச் சின்ன வேலை செய்கிறேன். இதையும் அந்த மேஜையில்தான் எழுதுகிறேன். மத்தியானம். குண்டு பல்பு எரியவில்லை. ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். அப்பா வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் யாரும் இல்லை. திரையில் ஒரு வெள்ளைப் பக்கமும் இந்த எழுத்துகளும் மட்டும்.

பக்கம் கொஞ்சம் பழுத்துத் தெரிகிறது.

நான் சாம்பல் சட்டைதான் போட்டிருக்கிறேன்.